முத்துசுவாமி தீக்ஷிதரும் அவர்தம் வீணையும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், தமிழ்நாட்டின் வடவெல்லையை ஒட்டி விளங்குவது திருத்தணி. ஊரின் நடுவே எழும் தணிகை மலையின்மேல் முருகப்பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். ஆண்டின் நாட்களை எண்ணிக் காட்டுவனபோல் அம்மலைக்கு 365 படிகள் உண்டு. ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து ஏறுவோர் மிகப் பலர். டிசம்பர் மாதம் 31-ஆம் நாள் நிகழும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசையிட்டுப் பாடிக்கொண்டே ஏறுவோரும் பலர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுட்பட்ட இவ்வூர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை இராச்சியத்தோடு மீண்டும் இணைந்தது. ஆயினும் ஊரின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இன்றும் தோளோடு தோள் உரசியே நடக்கின்றன. எல்லையூர்களுக்கு இஃது இயல்பு. இரு பக்கத்துக் காற்றும் அவற்றில் வீசும்.

இத்தலத்தின் பெயரைக் கேட்டவுடன் நம் மாணாக்கர் பலருக்கு டாக்டர் இராதாகிருஷ்ணன் நினைவே முதலில் எழும். 1888-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தில் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர்ப் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராய் உயர்ந்தவர் அவர். ஆனால் அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன்னரே, கையில் வீணையோடு இம்மலைக்கு வந்து, படியேறும்போது மாணாக்கராய் ஏறி, இறங்கும்போது பாவலராய் இறங்கியவர் ஒருவர் உண்டு. அவரே முத்துசுவாமி தீக்ஷிதர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரி விடுதிகளில் மாலைப்பொழுதுகளில் கிதார் ஒலி கேட்கின்றது. சிலர் அதனை வாசிப்பதோடு நில்லாமல், பழைய கருவி ஒன்றை மலிவாக வாங்கி, பிரித்து, கம்பி மாற்றி, மெட்டுகளைத் தேய்த்து, ஒலி கூட்டி மகிழ்கின்றனர். நான்கு தடித்த கம்பிகள் பூண்டு, ஆழ்ந்த குரலில் பேசும் பேஸ் கிதார் என்னும் கருவியில் மனம் வைத்தோரும் இருக்கின்றனர். இவர்களைக் கண்டு, மேனாட்டுக் கருவி நம்மவர் கைக்கு எற்றுக்கு என முகஞ்சுளிப்போரும் உண்டு; நம் பழைய இசையில் என்ன இருக்கிறது எனத் தோளைக் குலுக்கும் இளைஞரும் உண்டு. இவ்விரு சாராரும் அறிந்து பயனடையத் தக்கது தீக்ஷிதருடைய வாழ்க்கை.

முத்துசுவாமி தீக்ஷிதர் 1775-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். இவருடைய தந்தையார் இராமசுவாமி தீக்ஷிதர் இசையிலும் வடமொழியிலும் வல்லவர். சதுர்தண்டிப் பிரகாசிகை இயற்றிய வேங்கடமகியின் வழிவந்த ஆசிரியரிடம் வீணையும் இராக இலக்கணமும் கற்றவர். இன்று கச்சேரிகளில் முதற்கண் பாடப்படும் ஹம்ஸத்வனி என்னும் இராகத்தைப் படைத்தவர் அவரே. நெடுங்காலம் மகப்பேறு இல்லாதிருந்த அவரும் அவர்தம் மனைவியாரும் வைத்தீசுவரன் கோயிலில் நோன்பு நோற்றனர் என்றும், பின்னர்ப் பிறந்த முதல் மகனுக்கு அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் பெயரையே இட்டனர் என்றும் கூறுவர். அவருக்குப் பின் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியர் இருவரும் ஒரு தங்கையும் பிறந்தனர். தியாகராசரும் சியாமா சாஸ்திரிகளும் இதே திருவாரூரில் இதே காலத்தில் தோன்றியவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஒரு சிற்றூர் ஒரே தலைமுறையில் மூவரை ஈன்றது. அம்மூவரும் ஒருவரையொருவர் ஒவ்வாத தனி நடையினர் என்பதே பெரிதும் வியத்தற்குரியது.

தீக்ஷிதர் இளைஞராய் இருந்தபோது, சென்னைக்கு அணித்தாயுள்ள மணலியில் வாழ்ந்த செல்வர் ஒருவர் அக்குடும்பத்தாரை அழைத்துத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். அச்செல்வரின் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் துவிபாஷியாய் அலுவல் பார்த்தவர். ஆகவே புனித ஜார்ஜ் கோட்டைக்கு அவர் போக்குவரத்து மிகுதி. அங்கே ஐரோப்பியச் சிப்பாய்களின் வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கத் தீக்ஷிதர் சகோதரரையும் அவர் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். வைதிக ஒழுக்கம் வழுவாத குடும்பத்துப் பிள்ளைகள் கோட்டை வாயிலில் நின்று படைநடைப் பாட்டும் நாட்டார் நடனப் பாட்டும் கேட்டனர் என்பதை நாம் ஒரு கணம் மனக்கண்ணில் நிறுத்திக் காணுதல் வேண்டும். செவி மூடி ஓடியிருக்கலாம், நகைத்துத் திரும்பியிருக்கலாம். அவர்கள் அவ்விரண்டும் செய்யவில்லை. உன்னிப்பாய்க் கேட்டனர்.

இளையவராகிய பாலுசுவாமியின் உள்ளத்தை அக்குழுவிலிருந்த வயலின் பற்றிக்கொண்டது. முதலியார் அவருக்கு ஓர் ஐரோப்பிய ஆசிரியரை அமர்த்த, அவர் மூன்றாண்டுகள் அக்கருவியைப் பயின்றார் என்பர். பயின்றபின் அவர் நினைத்ததே நமக்குப் பெரும்பயன் விளைத்தது. இக்கருவியில் மெட்டுகள் இல்லை. விரல் கம்பியின்மீது எங்கும் தடையின்றி வழுக்கிச் செல்லும். ஆதலின் நம் இசையின் உயிராகிய கமகங்களை இஃது எளிதில் ஏந்தும் என்று அவர் கண்டார். கருவியின் மரத்தையோ வடிவத்தையோ நம்மவர் மாற்றவில்லை. நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசித்த அதனை, தரையில் அமர்ந்து, தலைப்பகுதியை வலக்காலின்மீது ஊன்றி வாசிக்கும் வழக்கம் தென்னாட்டில் நிலைத்தது. கம்பிகளின் சுருதியையும் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் எனத் திருத்திக்கொண்டனர். இன்று வயலின் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரி அரிது. அது வேற்று நாட்டினின்றும் வந்தது என்பதையே கேட்போர் மறந்துவிட்டனர். ஒரு கருவிக்கு இதனினும் சிறந்த குடியுரிமை வேறு யாது?

தம்பி வயலினைக் கையில் எடுத்தார். தமையனோ வீணையை விட்டாரில்லை. சிதம்பரநாத யோகி என்னும் துறவி ஒருவர் மணலிக்கு வந்து, முத்துசுவாமியின் அறிவையும் அடக்கத்தையும் கண்டு, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு கேட்டார். பெற்றோர் முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தனர். காசியில் தீக்ஷிதர் சில ஆண்டுகள் தங்கி, மந்திர சாஸ்திரமும் வேதாந்தமும் கற்றார். கங்கைக்கரையில் வடநாட்டு வித்துவான்கள் பாடிய துருபதத்தையும் கேட்டு அறிந்தார். ஒரு சுரத்தை அவசரமின்றித் தொட்டு, அதன் ஆழம் காணும் வரை அதிலேயே நின்று, பின்னரே அடுத்த சுரத்துக்குச் செல்லும் துருபத நடை அவர் நெஞ்சில் நிலைத்தது. பிற்காலத்தில் அவர் இயற்றிய கீர்த்தனைகளின் யானைநடைக்கு இதனை ஒரு காரணமாகக் கூறுவர்.

காசியை விட்டு மீளுமுன் யோகியார் அவரைக் கங்கையில் மூழ்கி எழுமாறு பணித்தார் என்றும், மூழ்கி எழுந்தவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறி வந்தனர். அவ்வீணையின் யாளி முகம் வழக்கம்போல் கீழ்நோக்காது மேல்நோக்கி இருந்தது என்றும், அதில் இராமநாமம் தேவநாகரியில் பொறிக்கப்பட்டிருந்தது என்றும் சொல்லுவர். இதனை நம்பிக்கையால் ஏற்பார் ஏற்க. எவ்வாறு கொண்டாலும், அதன்பின் தம் ஆயுள் முழுவதும் அவர் வீணையைப் பிரிந்திலர் என்பது உறுதி.

தீக்ஷிதருடைய இசையை அறிய விரும்புவோர் அவருடைய கருவியைச் சிறிது அறிதல் வேண்டும். தென்னாட்டு வீணை பலாமரத்தாற் செய்யப்படுவது. நன்கு விளைந்து உலர்ந்த மரமே நல்ல நாதம் தரும். குடத்தையும் தண்டியையும் தனித்தனியே செய்து பொருத்துவது ஒரு முறை. ஒரே மரத்திற் குடைந்து செய்வது ஏகாண்ட வீணை. தஞ்சையை 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாய் அமைந்த இவ்வடிவம் உருப்பெற்றது என்பர். குடத்தின்மேல் குதிரை; மறுமுனையில் யாளி முகம்; அதனருகே தாங்கியாய் ஒரு சுரைக்குடுக்கை. வாசிப்பதற்கு நான்கு கம்பிகள், தாளமும் சுருதியும் காட்டப் பக்கத்தில் மூன்று. வாசிக்கும் நான்கினுள் முதலாவது சாரணி; அடுத்துப் பஞ்சமம்; பின்னர் மந்தரம்; கடைசியாக அனுமந்தரம். இவ்வனுமந்தரமே வீணையின் ஆழ்ந்த குரல். அதனை மீட்டும்போது நம் செவி கேட்பதற்கு முன்னரே நாம் அமர்ந்திருக்கும் தரை கேட்டுவிடும்.

வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்படுவன அல்ல. தேன்மெழுகோடு கரிப்பொடி முதலியன கலந்து காய்ச்சி, தண்டியின் இருபுறமும் கரைபோலக் கட்டி, அம்மெழுகில் மெட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பதிக்கின்றனர். எந்த இடத்தில் எந்தச் சுரம் பேசும் என்பதற்குக் கைவினைஞரின் செவியே அளவுகோல். மெட்டு ஒரு நெல்லளவு நகர்ந்தாலும் சுரம் பிழைபடும். வெயிற்காலத்தில் மெழுகு இளகும். பயணத்தில் வண்டியின் அதிர்ச்சியால் மெட்டு சாயும். ஆதலின் வீணை வாசிப்பவர் எவரும் அதனை வெறுமனே வைத்திருக்க இயலாது. அடிக்கடி செவி கொடுத்துச் சோதித்து, வேண்டும்போது மீண்டும் மேளங் கட்டுவித்தல் வேண்டும். தஞ்சைக்கும் காசிக்கும், காஞ்சிக்கும் எட்டயபுரத்துக்கும் நெடுவழி நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற ஒருவர் வீணையைச் செம்மையாய் வைத்திருந்தார் எனின், அவர் விரலுக்குப் பழக்கமானது வாசிப்பு மட்டுமன்று, பராமரிப்பும் ஆகும் என நாம் துணிந்து கூறலாம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மெட்டுகள் நிலையாய் இருப்பினும், கம்பியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுத்தால் சுரம் உயர்ந்து நெளியும். ஒரே மெட்டில் நின்று இரண்டு மூன்று சுரங்களைப் பேசுவிக்கலாம். அசையாத மெட்டும் அசையும் கம்பியும் சேர்ந்ததே வீணை. தீக்ஷிதரின் கீர்த்தனைகளில் இலக்கண வரம்பும் கமகத்தின் நெகிழ்ச்சியும் ஒருங்கே நிற்பதற்கு இக்கருவியே அவருக்கு ஆசிரியராயிற்று எனக் கூறுவது மிகையாகாது.

காசியினின்றும் மீண்டவர் குருவின் ஆணைப்படி திருத்தணிகைக்குச் சென்றார். அதுவரை அவர் கற்றது பெரிது; படைத்ததோ ஒன்றுமில்லை. தந்தையின் இலக்கணமும், கோட்டையில் கேட்ட மேனாட்டு இசையும், காசியின் துருபதமும் அவருள் ஒன்றோடொன்று கலவாது நின்றன. மலைமேல் அவர் தியானத்தில் அமர்ந்திருந்தபோது முதியவர் ஒருவர் வந்து வாய் திறக்கச் சொல்லி, கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே பாட்டுப் பிறந்தது என்றும் கூறுவது வரலாறு. அன்று பிறந்தது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த ஸ்ரீநாதாதி குருகுஹோ என்னும் கீர்த்தனை.

அந்த இராகத்தை அவர் எடுத்துக்கொண்டது கருதற்பாலது. மாயாமாளவகௌளையே இசை பயிலத் தொடங்கும் குழந்தைகட்கு முதலிற் சொல்லிக்கொடுக்கப்படும் இராகம். அக்கீர்த்தனையின் தொடக்கமோ, சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு சுரமாய் ஏறி, மீண்டும் ஒவ்வொன்றாய் இறங்குவது. மலைப்படியை ஒன்றன்பின் ஒன்றாய் மிதித்து ஏறுவதும், வீணையின் மெட்டுகளில் விரல் ஒன்றன்பின் ஒன்றாய் நடப்பதும் அன்ன நடை. காசி வரை சென்று கற்றுத் திரும்பியவர் தம் முதற்படைப்பில் அருமையான இராகம் எதனையும் காட்டித் தம் புலமையை விளம்பரப்படுத்தவில்லை, முதற்பாடத்திற்கே திரும்பினார். தணிகையில் அவர் பாடியவை குருவைப் போற்றும் எட்டுக் கீர்த்தனைகள். வடமொழியின் எட்டு வேற்றுமைகளிலும் முறையே அமைந்தவை. குருகுஹன் என்னும் முருகன் பெயரையே தம் முத்திரையாய்க் கொண்டார். பின்னர் எந்தத் தலத்தில் எத்தெய்வத்தைப் பாடினும், அப்பாட்டின் ஓரிடத்தில் தணிகையின் நினைவு குருகுஹ என ஒலிக்கும்.

தணிகையினின்றும் காஞ்சி சென்று சில ஆண்டுகள் தங்கியபின், அவர் தம் பிறப்பிடமாகிய திருவாரூரை அடைந்தார். அவருடைய பெருநூல்கள் எனத் தக்கவை பெரும்பாலும் அங்கே உருவாயின. கமலாம்பாள்மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளும், வார நாட்களுக்குரிய ஏழு கிரகங்கள்மீது ஏழு தாளங்களில் அமைத்த கீர்த்தனைகளும் இசையுலகின் கருவூலங்கள். சென்ற தலந்தோறும் அத்தலத்தின் மூர்த்தி, தீர்த்தம், வரலாறு ஆகியவற்றைப் பாட்டினுள்ளே பொதிந்து, இராகத்தின் பெயரையும் நயமாய் இழைத்து வைப்பது அவர் வழக்கம். பெரும்பாலும் வடமொழியிற் பாடினாராயினும், ஸ்ரீ இராகத்தில் அமைந்த ஸ்ரீ அபயாம்பா என்னும் கீர்த்தனையில் வடமொழி, தெலுங்கு, தமிழ் மூன்றையும் மணிப்பிரவாளமாய்க் கலந்தும் பாடியுள்ளார். வடநாட்டு இராகங்களாகிய யமுனா கல்யாணியும் பிருந்தாவன சாரங்கமும் துவிஜாவந்தியும் அவர் கையில் தென்னாட்டுக் கோயில் மணியோசையோடு இயைந்து நின்றன.

அவருடைய இல்வாழ்க்கை எளியது. அரசரைப் பாடிப் பரிசில் பெறும் நெறியை அவர் விரும்பினாரில்லை. திருவாரூரில் ஒருநாள் இல்லத்தில் உணவுப் பண்டம் தீர்ந்துபோனதை அறிந்த கமலம் என்னும் மாணாக்கி, தன் வளையலை அடகு வைத்துப் பொருள் கொணர முன்வந்தார் என்றும், தீக்ஷிதர் அதனைத் தடுத்து யதுகுலகாம்போதியில் தியாகராசப் பெருமானைப் பாடினார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. ஓர் அதிகாரியின் வருகைக்காகத் தொகுத்து வைத்த பண்டங்கள், அவர் வாராமையால் வண்டியோடு இவர் இல்லத்திற்கு வந்தன என அக்கதை முடியும். கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் என்னும் மாணாக்கர் வயிற்று நோயால் துன்புற்றபோது, அவர் பாடி வழிபடற்பொருட்டே கிரகக் கீர்த்தனை பிறந்தது என்பர். மத்தளம் வாசித்தவருக்கும் ஆடல் மகளிர்க்கும் அவர் தம் கலையை மறைக்காது ஈந்தார் என்பது இச்செய்திகளால் விளங்கும்.

இனி, கோட்டை வாயிலில் கேட்ட இசை என்னவாயிற்று என்பதைக் கூறுவோம். தீக்ஷிதர் அதனை மறந்தாரில்லை. மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சொல் அமைத்து, ஏறத்தாழ நாற்பது சிறு பாடல்களை இயற்றினார். நோட்டு சுரங்கள் என்பது இவற்றின் பெயர். ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு இவர் கையில் ஸந்ததம் பாஹி மாம் என்னும் பாட்டாயிற்று. ஆங்கிலக் குழந்தைகள் விண்மீனை நோக்கிப் பாடும் மெட்டு மதுரை மீனாட்சியைப் போற்றுவதாயிற்று. இவை சங்கராபரண சுரங்களில், கமகமின்றி நேரே செல்வன; சிறுவர் நாவிற்கும் விரலுக்கும் எளியவை. இன்றும் தொடக்க வகுப்புகளில் பயிற்றப்படுகின்றன.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வேற்றார் இசையைத் தொட்டதனால் தீக்ஷிதருடைய இசை தூய்மை கெட்டதோ? கெடவில்லை என்பதற்கு அவருடைய ஏனைய கீர்த்தனைகளே சான்று. வேங்கடமகியின் வழியில் இராக இலக்கணத்தை அவரினும் கண்டிப்பாய்க் காத்தவர் அரியர். அயல் மெட்டை அயல் மெட்டாகவே வைத்து, அதற்குரிய எளிமையோடு கையாண்டார்; தம் இராகத்தைத் தம் இராகமாகவே வைத்து, அதற்குரிய ஆழத்தோடு கையாண்டார். இரண்டையும் குழப்பவில்லை, ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றை அடைக்கவும் இல்லை. தம் வீட்டுத் தூண் உறுதியானது என்று அறிந்தவன் சாளரத்தைத் திறந்து வைக்க அஞ்சான். தூண் ஆட்டங்கொண்டவனே காற்றுக்கு நடுங்குவான்.

அவருடைய மாணாக்கருள் தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் சிறந்தவர். இன்று பரதநாட்டியக் கச்சேரி நிகழும் வரிசைமுறையை ஒழுங்குசெய்தவர் இவர்களே. இவருள் இளையவராகிய வடிவேலு வயலினிலும் வல்லவர். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலாகிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கோட்டை வாயிலில் கேட்ட ஒலி ஒரு தலைமுறைக்குள் அரசவை ஏறிற்று.

பாலுசுவாமி தீக்ஷிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாய் அமர்ந்தார். தம்பியைக் காணும் ஆவலோடு தமையனார் அங்குச் சென்றார். செல்லும் வழியில் வறண்டு வெடித்த நிலங்களைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணியிற் பாட, மழை பெய்தது என்பது அந்நாட்டார் இன்றும் மறவாது கூறும் செய்தி. 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, மாணாக்கர் கமகக்கிரியா இராகத்தில் அமைந்த மீனாட்சி கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, அறுபதாம் வயதில் தீக்ஷிதர் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. கவி பாரதியார் பின்னர்ப் பிறந்த ஊரும் அதுவே.

தீக்ஷிதருடைய கீர்த்தனைகள் அச்சேறியது அவர் மறைந்து எழுபதாண்டு அணுகியபோதே. அதுவரை அவை சில குடும்பங்களின் நினைவிலும் ஓலைகளிலுமே வாழ்ந்தன. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் அவர்க்கு மகவாய்த் தத்துக் கொள்ளப்பட்டவருமான சுப்பராம தீக்ஷிதர் (1839-1906) அவற்றைக் காத்து வந்தார். குடும்பச் செல்வத்தைப் பிறர்க்கு வெளியிடுவதா என அவர் தயங்கியதுண்டு. அத்தயக்கத்தைப் போக்க உழைத்தவருள் முதன்மையானவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். சென்னை அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்த எம்.ஏ. பட்டதாரி அவர், இசை அவருக்குத் தொழிலன்று, காதல். நம் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி 1893-ஆம் ஆண்டளவில் நூலாய் வெளியிட்டார். அவ்வுழைப்பில் தம் பொருளையும் கண்ணொளியையும் இழந்தார். அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் சுப்பராம தீக்ஷிதர் 1904-ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலைத் தெலுங்கில் வெளியிட்டார். முத்துசுவாமி தீக்ஷிதரின் ஏறத்தாழ 230 கீர்த்தனைகள் சுரக்குறிப்போடு அதில் உள்ளன. தமிழகத்தில் வாழ்ந்து, வடமொழியிற் பாடியவரின் இசையை, தெலுங்கு எழுத்தில், ஒரு கிறிஸ்தவ அன்பரின் தூண்டுதலால் நாம் பெற்றோம். எல்லைகள் பலவற்றையும் கடந்து வந்த செல்வம் அது.

இனித் தொடக்கத்தில் குறித்த கிதார் நண்பர்களை நோக்கி ஒரு சொல். பேஸ் கிதார் என்னும் மின்கருவியைக் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பார் 1951-ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொணர்ந்தார். ஆளுயரம் நிற்கும் பழைய பெருவயலினைச் சுமந்து திரிய இயலாத வாத்தியக்காரர்க்கு அது பெரும் உதவியாயிற்று. அதன் கழுத்தைத் திருகாணிகளைக் கழற்றிப் பிரித்தெடுக்கலாம்; கழுத்தினுள்ளே ஓடும் எஃகுக் கம்பியைத் திருகி அதன் வளைவைச் சீர்செய்யலாம்; ஆதலின் தானே செப்பனிட விரும்பும் இளைஞனுக்கு அது நட்பான கருவி. நான்கு கம்பிகள், மெட்டுகள், மரத்தண்டு, ஆழ்ந்த நாதம் ஆகியவற்றை நோக்குங்கால், அனுமந்தரத்தில் விரல் வைத்த தீக்ஷிதர்க்கு அது முற்றிலும் அந்நியமாய்த் தோன்றியிராது என எண்ணுகின்றோம். ஆந்திர நாட்டிற் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மேனாட்டு மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டி, அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கியதும் பாலுசுவாமி திறந்த வழியில் நடந்ததேயாகும்.

ஆனால் அவ்வழி சோம்பேறிகளின் வழியன்று. பாலுசுவாமி மூன்றாண்டு பயின்றபின்னரே வயலினைத் தம்முடையதாக்கினார். முத்துசுவாமியோ எல்லாம் கற்றபின்னும் தணிகையில் முதற்பாடத்தினின்றே தொடங்கினார். கம்பியை மாற்றவும், மெட்டைச் சீர்செய்யவும், செவியால் சுருதி காணவும் கற்றவனுக்குக் கருவி பணிசெய்யும். விலை கொடுத்து வாங்கியதோடு நின்றவனுக்கு அது சுவரில் தொங்கும். கருவி எந்நாட்டது என்பது இரண்டாவது வினா. அதனைக் கையில் ஏந்தியவன் தன்னுடையதை எவ்வளவு அறிவான் என்பதே முதல் வினா. இவ்வினாவிற்கு விடை தேடுவோர், விடுமுறை நாளொன்றில் திருத்தணிக்குச் சென்று, அவசரமின்றி அப்படிகளை ஒவ்வொன்றாய் ஏறிப் பார்ப்பார்களாக.